இடைக்கோடும் ஆரும்: ஒரு பழைய பிக்கப்பின் டயர் வாசகத்துக்கு உரை

மூலம்:

6.00-16 6பிஆர் டியூப் டைப்

பி215/75ஆர்15 100எஸ் டியூப்லெஸ்

முதல் வரி 1951-ம் ஆண்டு ஷெவர்லே 3100 பிக்கப்புக்கு உரியது. அமெரிக்காவில் அந்த அரை டன் வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது இந்த அளவு டயரில்தான் நின்றது. இரண்டாவது வரி, அதே வண்டியை இன்று வாங்கிப் புதுப்பிக்கிறவர் டயர்க் கடைக்குப் போனால் அவர் முன்னால் உருட்டி வைக்கப்படும் டயரின் பக்கச்சுவரில் இருப்பது. முதலாவது பயாஸ், இரண்டாவது ரேடியல்.

எதை மாட்டுவது என்பதில் பழைய வண்டிக்காரர்களிடையே இரண்டு கட்சி உண்டு. வண்டி பிறந்தபடியே இருக்க வேண்டும் என்பது ஒன்று. இன்றைய சாலையில் உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டு கட்சியும் டயரை மட்டுமே பார்த்துப் பேசுகின்றன. வாசகத்தைப் பதம் பிரித்து நிதானமாகப் படித்தால் பேச்சு டயரை விட்டு ரிம்முக்குப் போய்ச் சேரும். முடிவு அங்கேதான் இருக்கிறது என்பது இந்த உரையின் கட்சி.

வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. 1947 ஜூனில் அறிமுகமான 'அட்வான்ஸ் டிசைன்' வரிசையைச் சேர்ந்தது இது. முன்னால் ஒரே இரும்பாலான பீம் ஆக்ஸில், இரண்டு முனையிலும் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின், நான்கு மூலையிலும் லீஃப் ஸ்பிரிங், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். பவர் ஸ்டியரிங் கிடையாது. 216 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின். அமெரிக்க அதிபர் ஐசனோவர் மாநிலங்களுக்கிடையிலான நெடுஞ்சாலைச் சட்டத்தில் கையெழுத்திட்டது 1956-ல். அதாவது இன்று இந்த வண்டி ஓட வேண்டிய சாலை, இது உருவானபோது போடப்படவே இல்லை. பண்ணையிலிருந்து ஊருக்கும் ஊரிலிருந்து ரயிலடிக்கும் போய்வரச் செய்த வண்டி இது. கீழே வரும் ஒவ்வொரு பதத்தையும் இதை நினைவில் வைத்தே படிக்க வேண்டும்.

'6.00'

காற்றடைத்து நிற்கும் டயரின் குறுக்ககலம் ஏறத்தாழ ஆறு அங்குலம் என்பது பொருள். உயரம் எவ்வளவு என்று வாசகம் சொல்லவில்லை. அந்தக் காலத்து டயரில் அகலமும் உயரமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்ததால் தனியே சொல்லத் தேவைப்படவில்லை. ரிம் 16 அங்குலம், அதன் மேலும் கீழும் ஆறாறு அங்குலம் ரப்பர்; மொத்தம் சுமார் 28 அங்குல உயரமுள்ள சக்கரம். ஒல்லியாக, நெடுநெடுவென்று நிற்கும்.

ஒல்லியாக இருப்பதைக் குறையென்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சேற்றிலும் பனியிலும் குறுகிய டயர் மேலே மிதக்காமல் அறுத்துக்கொண்டு கீழே உள்ள கெட்டித் தரையைப் பிடிக்கும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியை நின்ற இடத்தில் திருப்பும்போது தோள்பட்டைக்கு வலி குறையும். 3100-இன் உருண்ட ஃபெண்டர்களும் இந்த உயரத்தையும் ஒல்லியையும் கணக்கில் கொண்டே வரையப்பட்டவை. குட்டையான அகல டயரை மாட்டிய 3100-ஐப் பக்கவாட்டில் பார்த்தால் ஃபெண்டருக்கும் ரப்பருக்கும் நடுவில் வெற்றிடம் தெரியும். வண்டி இரவல் செருப்பைப் போட்டு நிற்பதாகத் தோன்றும். அழகைப் பற்றிய இந்தப் பேச்சைச் சிலர் அற்பம் என்று தள்ளுகிறார்கள். நான் தள்ள மாட்டேன். பழைய வண்டியை வைத்திருப்பதில் பாதிக் காரணம் அதன் உருவம்தான்.

'-'

இந்தச் சின்ன இடைக்கோடுதான் வாசகத்தில் அதிகம் பொருள் பொதிந்த குறி. அந்த இடத்தில் கோடு இருந்தால் பயாஸ். 'ஆர்' இருந்தால் ரேடியல். நம் ஊர் லாரிக்காரர்களுக்கு இது புதிதல்ல. 10.00-20 என்றால் நைலான் டயர், 10.00ஆர்20 என்றால் ரேடியல் என்று பட்டறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர்கள் 'நைலான்' என்று அழைப்பது இந்தப் பயாஸைத்தான்.

ரப்பர் தனியாகக் காற்றைத் தாங்காது. உள்ளே நூல் அடுக்குகள் இருக்கின்றன. பருத்தி நூலில் தொடங்கி, பிறகு ரேயான், அதன்பின் நைலான், பாலியெஸ்டர் என்று பொருள் மாறியது. பயாஸில் இந்த நூல்கள் ஒரு பக்கத்துப் பீடிங்கிலிருந்து (ரிம்மில் உட்காரும் விளிம்பு) மறுபக்கத்துப் பீடிங்குக்குச் சாய்வாகப் போகின்றன. டயரின் நடுக்கோட்டோடு ஏறத்தாழ 30 முதல் 40 டிகிரி சாய்வு. அடுத்த அடுக்கு அதே அளவு எதிர்ப்பக்கம் சாயும். இப்படி மாறிமாறிச் சாயும் அடுக்குகளே பக்கச்சுவருக்கும் உடம்பு, தரையைத் தொடும் பட்டன் பகுதிக்கும் உடம்பு. இரண்டையும் பிரிக்க முடியாது.

இந்த ஒரு செய்தியிலிருந்தே பயாஸின் குணம் அத்தனையையும் வருவித்துவிடலாம்.

டயர் உருளும்போது தரையில் படும் இடம் நசுங்குகிறது, பக்கச்சுவர் வளைகிறது. பக்கச்சுவரும் பட்டன் பகுதியும் ஒரே உடம்பு என்பதால் சுவர் வளையும்போது பட்டனும் நெளிகிறது. எதிரெதிராகச் சாய்ந்த நூலடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று உரசி நகர்கின்றன. உரசலால் சூடு. சூடாவதற்கு வேண்டிய சக்தி எஞ்சினிலிருந்து வருகிறது. அதனால் பெட்ரோல் கூடுதல். தரையில் நெளிவதால் பட்டன் சீக்கிரம் தேய்கிறது. மூலைதிரும்பும்போது வண்டி போகும் திசைக்கும் சக்கரம் பார்க்கும் திசைக்கும் இடைவெளி அதிகம் விழுகிறது. அதை ஓட்டுகிறவர் கூடுதலாகத் திருப்பிச் சரிக்கட்ட வேண்டும்.

நெடுஞ்சாலையில் இதன் முகம் வேறு. லாரிகள் ஓடி ஓடிப் பள்ளம் விழுந்த தடத்தில் பயாஸ் டயர் ஏறினால் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு போகப் பார்க்கும். மழைத்தண்ணீர் வடிவதற்காகக் கான்கிரீட்டில் நீளவாக்கில் வரி வெட்டிய சாலைகள் கலிபோர்னியாவில் ஏராளம். அவற்றின் மேல் பயாஸில் போகும் பழைய வண்டி இடமும் வலமுமாக அலையும். ஸ்டியரிங் கெட்டுவிட்டது என்று எண்ணி கிங் பின்னை மாற்றி, ஸ்டியரிங் கியர் பாக்ஸைப் பிரித்துப் பணத்தைக் கரைத்தவர்கள் உண்டு. பீம் ஆக்ஸிலில் தேய்மானம் இருந்தால் அலைச்சல் இரட்டிப்பாகும் என்பது உண்மை. எல்லாம் புதிதாக இருந்தாலும் பயாஸ் கொஞ்சம் அலையத்தான் செய்யும். அது நோயில்லை, அதன் இயல்பு.

இன்னொரு இயல்பும் உண்டு. இரவு குளிரில் நின்ற வண்டியில், தரையில் பட்டிருந்த பகுதி தட்டையாக இறுகிவிடும். நைலான் நூலில் இது அதிகம். காலையில் வண்டி எடுத்த முதல் சில மைல்களுக்குத் 'தட்தட்' என்று குதித்து, டயர் சூடேறிய பிறகு அடங்கும்.

இனி அதன் நல்ல பக்கம். பயாஸின் பக்கச்சுவரில் எல்லா அடுக்குகளும் இருக்கின்றன. கல்லும் முள்ளும் குத்தினால் எளிதில் கிழியாது. இன்றும் பண்ணைக் கருவிகளிலும் பல டிரெய்லர்களிலும் பயாஸ் நீடிப்பதற்கு இதுவும் காரணம். பிடியை இழக்கும்போது மெல்ல மெல்ல, ஓட்டுகிறவருக்குத் தெரியும்படி இழக்கும். மண்சாலையில், முப்பது நாற்பது மைல் வேகத்தில், பயாஸ் மாட்டிய 3100 ஓட்டுவதற்கு இதமான வண்டி. அந்த வண்டியின் ஸ்பிரிங்கும் ஸ்டியரிங்கும் பயாஸை நம்பியே கணக்கிடப்பட்டன. 1951-ல் டெட்ராய்ட்டுக்கு வேறு டயரை நினைக்கவே காரணமில்லை.

'16'

டயரின் பீடிங் போய் உட்காரும் வட்டத்தின் விட்டம், அங்குலக் கணக்கில். இதில் விளக்க ஒன்றுமில்லை என்று தோன்றும். விளக்க வேண்டியது இந்த எண் சொல்லாமல் விட்டதை.

ரிம்முக்கு விட்டம் இருப்பதுபோல அகலமும் உண்டு. அந்த அகலம் டயரின் வாசகத்தில் எங்கும் இல்லை. மேல் வரியிலும் இல்லை, கீழ் வரியிலும் இல்லை. 6.00-16 டயர் 4 முதல் 5 அங்குல அகலமுள்ள ரிம்முக்கானது. தொழிற்சாலை கொடுத்த ரிம்மும் அந்த எல்லைக்குள்தான் இருந்தது. இதை இங்கே குறித்து வைத்துக்கொள்வோம். '15' என்ற பதத்துக்கு வரும்போது இது தேவைப்படும்.

'6பிஆர்'

'பிஆர்' அடுக்குத் தரம். பருத்தி நூல் காலத்தில் 6 என்றால் உள்ளே ஆறு அடுக்கு என்றே பொருள். வலுவான நூல் வந்த பிறகு நான்கடுக்கிலேயே ஆறு பருத்தி அடுக்கின் பலம் கிடைத்தது; எண் மட்டும் பழையபடி நின்றுவிட்டது. இன்று அதே பலத்தை எழுத்தாலும் குறிக்கிறார்கள்: 4 என்றால் 'பி', 6 என்றால் 'சி', 8 என்றால் 'டி', 10 என்றால் 'இ'.

பிக்கப்புக்கு ஆறடுக்குத் தரம் கொடுத்தது பாரம் ஏற்றுவதற்காக. 6.00-16 என்று அளவை மட்டும் பார்த்துவிட்டு, அதே அளவில் பழைய கார்களுக்காக வரும் நான்கடுக்கு டயரை வாங்கி மாட்டுகிறவர்கள் இந்தப் பதத்தைப் படிக்காதவர்கள். வண்டியில் இனி வைக்கோலோ மரமோ ஏற்றப்போவதில்லை என்றால் நான்கடுக்கு தாங்கும்; சவாரியும் மெத்தென்று இருக்கும். ஏற்றுவதாக இருந்தால் ஆறு வேண்டும். ஆறடுக்கை வெறும் வண்டியில் மாட்டினால் பின்பக்கம் குதிக்கும்.

'டியூப் டைப்'

உள்ளே டியூப் போட்டே ஓட்ட வேண்டும். அமெரிக்கக் கார்களில் டியூப் இல்லாத டயர் பரவலானது 1955 மாடல்களோடு. 1951-இன் ரிம், டியூபை நம்பிச் செய்யப்பட்டது. பழைய ரிம்களில் நடுத்தட்டை ரிவெட் அடித்து இணைத்தவை உண்டு. அந்த ரிவெட் ஓட்டை வழியாகக் காற்று கசியும். தவிர, பின்னாளில் வந்த ரிம்மின் உள்பக்கத்தில் பீடிங் நழுவாமல் தடுக்க ஒரு மேடு இருக்கும். பழைய ரிம்மில் அது இருக்காது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். அரை டன்னுக்கு மேற்பட்ட பழைய வண்டிகளில் வளையம் போட்டுப் பூட்டும் பல துண்டு ரிம்கள் வரும். காற்றடிக்கும்போது வளையம் தெறித்து ஆளைக் கொன்றிருக்கிறது. அவற்றை வீட்டில் கழற்றக் கூடாது. கூண்டு வைத்துக் காற்றடிக்கும் லாரி டயர்ப் பட்டறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

இனி இரண்டாம் வரி.

'பி'

பயணியர் காருக்கான டயர். இந்த முன்னெழுத்து 1970-களின் பின்பாதியில் வந்த அளவு முறையைச் சேர்ந்தது. இலகு லாரிக்கானதென்றால் 'எல்டி' என்று இருக்கும். பிக்கப்புக்குக் கார் டயரை மாட்டலாமா? மாட்டலாம், ஆனால் அமெரிக்க விதிப்படி அதன் பாரத்திறனை 1.10-ஆல் வகுத்து, குறைந்த அளவையே கணக்கில் எடுக்க வேண்டும். லாரி வாழ்க்கை காரின் வாழ்க்கையைவிடக் கடினம் என்பதற்கான தள்ளுபடி அது. இந்தக் கணக்கைப் போடாமல் 'பி' டயரை வாங்குகிறவர்களே அதிகம்.

'215/75'

215 என்பது குறுக்ககலம், மில்லிமீட்டரில். 75 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு உயரம் என்பது. 215-இல் 75 சதவீதம் 161 மில்லிமீட்டர். மேலும் கீழுமாக 322. அதோடு 15 அங்குல ரிம்மின் 381. மொத்தம் சுமார் 703 மில்லிமீட்டர், அதாவது 27.7 அங்குலம். பழைய 28 அங்குலத்துக்கு மிக அருகில் வருகிறது. பழைய பிக்கப்புக்கு இந்த அளவைக் கைகாட்டுவதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான்.

உயரம் முக்கியம், அதற்கு எஞ்சின்தான் சாட்சி. இந்த வண்டியின் பின் ஆக்ஸில் கியர் விகிதம் 4.11. 28 அங்குல டயரில் மணிக்கு 60 மைல் போனால் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,950 முறை சுற்றும். 216 எஞ்சினின் கனெக்டிங் ராடு பேரிங்குகள் உருக்கி ஊற்றிய பேபிட் உலோகத்தாலானவை. அடியில் உள்ள எண்ணெயை ராடின் கரண்டி அள்ளித் தெறிக்கும் முறையில்தான் அவற்றுக்கு எண்ணெய் போய்ச் சேரும். மணிக்கணக்கில் அந்தச் சுற்றில் ஓட்டுவது அந்த எஞ்சினுக்கு நல்லதல்ல. அதனால் சிலர் எல்டி215/85ஆர்16 என்ற உயரமான லாரி ரேடியலுக்குப் போகிறார்கள். அதன் உயரம் 30.4 அங்குலம். அதே 60 மைலுக்குச் சுற்று 2,700-ஐ ஒட்டி இறங்கும். விலை? மேடு ஏறும்போது கியர் முன்பே மாற்ற வேண்டியிருக்கும். ஸ்பீடோமீட்டர் முள் 60 காட்டும்போது வண்டி 65-ல் போய்க்கொண்டிருக்கும். மூன்று கியர் பெட்டியும் மலைச்சாலையும் உள்ளவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சமவெளியில் தூரம் போகிறவருக்கு நல்ல தேர்வு. ஒன்று மட்டும்: 'எல்டி' டயரின் பக்கச்சுவரில் அச்சிட்ட உச்சக் காற்றை வெறும் வண்டியில் அடித்தால் முதுகு நொந்துவிடும்.

'ஆர்'

ரேடியல். இதில் உடம்பின் நூல்கள் சாய்வதில்லை. பீடிங்கிலிருந்து பீடிங்குக்கு நேர்க்குறுக்காக, நடுக்கோட்டுக்குச் செங்குத்தாகப் போகின்றன. பட்டனுக்கு அடியில் மட்டும் எஃகுக் கம்பி அடுக்குகள் சுற்றி வருகின்றன, மாட்டுவண்டிச் சக்கரத்தின் மேல் இரும்புப் பட்டா இறுக்கியதைப் போல. பக்கச்சுவர் வளையலாம், நெளியலாம். பட்டா போட்ட பகுதி அதனால் கலையாமல் தட்டையாகத் தரையில் படியும். பயாஸில் ஒன்றாயிருந்த இரண்டு வேலைகளை ரேடியல் இரண்டு உறுப்புகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. அந்தப் பிரிவினைதான் கண்டுபிடிப்பு.

இந்த எண்ணம் 1910-களிலேயே இங்கிலாந்தில் காப்புரிமையாகப் பதிவாகியிருந்தது. கடையில் வாங்கத்தக்க பொருளாக்கியது பிரான்சின் மிஷலின். அதன் அச்சகப் பிரிவில் வேலை பார்த்து, பிறகு ஆய்வுக்கு வந்த மாரியுஸ் மிஞ்ஞோல், பக்கச்சுவர் எவ்வளவு சூடு உண்டாக்குகிறது என்று அளப்பதற்காகச் சுவரில் நூலை மிக அரிதாக, நேர்க்குறுக்காக வைத்து ஒரு சோதனை டயர் செய்தார். பார்ப்பதற்கு ஈக்கூண்டு மாதிரி இருந்ததால் அந்தப் பெயரே நிலைத்தது. அதிலிருந்து பிறந்ததற்கு 1946-ல் காப்புரிமை கோரி, 1949-ல் 'மிஷலின் எக்ஸ்' என்று விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். நம் ஷெவர்லேயைவிட அந்த டயர் இரண்டு வயது மூத்தது என்பது கவனிக்கத்தக்கது. ஆனாலும் அமெரிக்கா அதை வெகுகாலம் அண்டவிடவில்லை. 1966-ல் சியர்ஸ் கடைகள் மிஷலின் செய்த ரேடியலை 'ஆல்ஸ்டேட்' பெயரில் விற்றன. 1970-இன் லிங்கன் கான்டினென்டல் மார்க் 3, எல்லா வண்டியிலும் தொழிற்சாலையிலேயே ரேடியலை மாட்டிக் கொடுத்த முதல் அமெரிக்கக் கார். நடுவில் பயாஸ் உடம்புக்கு மேல் பட்டா போட்ட கலப்பு வகையும் சில ஆண்டுகள் ஓடியது. தயங்கியதற்குக் காரணம் உண்டு. தொழிற்சாலை எந்திரங்களை மாற்ற வேண்டும். வண்டிகளின் சஸ்பென்ஷனையும் திருத்த வேண்டும்.

3100-இல் ரேடியல் மாட்டினால் என்ன மாறும்? முதலில் அலைச்சல் போகும். தடம் விழுந்த சாலையில் ஸ்டியரிங்கைப் பிடித்து மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஈரத்தில் பிடி கூடும். சூடு குறையும், ஆயுள் நீளும், காலைத் 'தட்தட்' அநேகமாக இராது. மெதுவாகப் போகும்போது மட்டும் ஸ்டியரிங் கனக்கும். தரையில் படியும் பரப்பு பெரிதாகிவிட்டது. மூலையில் பிடி விடும் எல்லை வெகுதூரம் தள்ளிப்போகும். விடும்போது முன்னறிவிப்பு குறைவு. சுவர் உப்பினாற்போல் தெரியும். காற்று குறைவு என்று நினைத்து அதிகம் அடிக்கக் கூடாது, கேஜ் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஒன்று மாறாது: பிரேக். ரேடியல் தரும் நிம்மதியில் வேகம் தானாகக் கூடிவிடும். டிரம் பிரேக் 1951-லேயே நிற்கும். ரேடியலால் ஆபத்து என்று ஒன்று இருக்குமானால் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான்.

'15'

குறித்து வைத்ததை இப்போது எடுப்போம். 215/75 டயருக்குக் குறைந்தது ஐந்தரை அங்குல அகல ரிம் வேண்டும். ஏழு வரை போகலாம். தொழிற்சாலையின் ஒல்லி ரிம் அதற்குப் போதாது. விட்டமும் ஓர் அங்குலம் பெரிது. ஆகவே ரேடியல் வேண்டும் என்று சொல்கிறவர் உண்மையில் நான்கு புது வீல் வேண்டும் என்று சொல்கிறார். இதைத் தெரிந்து சொன்னால் சரி. தெரியாமல், பழைய ஒல்லி ரிம்மிலேயே கிடைத்த ரேடியலை நெருக்கி மாட்டினால், பீடிங்குகள் ஒன்றையொன்று நெருங்கி, சுவர் உப்பி, பட்டாவின் நடுப்பகுதி மேலெழும்பி, ரேடியலின் நன்மைகள் எதுவும் கிடைக்காமல் போகும்.

வலுவும் கேள்விக்குரியது. ரேடியல் மூலையில் அதிகம் பிடிப்பதால் ரிம்மைப் பக்கவாட்டில் வளைக்கும் விசையும் அதிகம். பழைய ரிம்மின் தகடும் இணைப்பும் அந்த விசைக்காகக் கணக்கிடப்பட்டவை அல்ல. அதன்மேல் எழுபது ஆண்டுத் துரு வேறு. ஓடும்போது ஹப் கேப் கழன்று போனால் ரிம் நெளிகிறது என்று அர்த்தம். பெயின்டைச் சுரண்டி, போல்ட் ஓட்டைகளைச் சுற்றியும் நடுத்தட்டு ரிம்மோடு சேரும் இடத்திலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்க்காமல் ரேடியலை மாட்டக் கூடாது.

நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. ஷெவர்லே அரை டன் வண்டிகள் 1970 வரை அதே ஆறு போல்ட், ஐந்தரை அங்குல வட்டத்தில்தான் வந்தன. 1960-களின் பிக்கப்பிலிருந்து 15 அங்குல வீலை எடுத்து 3100-இல் அப்படியே பூட்டலாம். அதே பூட்டுக்குப் புது வீல்களும் விற்கிறார்கள். பெயின்ட் அடித்துப் பழைய ஹப் கேப்பைப் பொருத்த முடிந்தால் தூரத்திலிருந்து மாற்றம் தெரியாது. பழைய 16 அங்குல ரிம்களை எண்ணெய் தடவிக் கொட்டகையில் அடுக்கி வைத்தால் எந்த நாளும் வண்டியைப் பிறந்தபடிக்கே திருப்பலாம். எதையும் வெட்டாமல், ஒட்டாமல் செய்யும் மாற்றம் என்பதால் பழமைக் கட்சியும் இதை மன்னிக்கலாம் என்பது என் எண்ணம்.

மூன்றாவது வழியும் திறந்திருக்கிறது. 6.00ஆர்16 என்று பழைய அளவிலேயே நடுவில் 'ஆர்' வைத்த டயர்கள் வருகின்றன. பட்டனையும் சுவரையும் பயாஸின் அச்சிலேயே வார்த்து உள்ளே ரேடியலாகக் கட்டியவையும் வருகின்றன. டென்னசியின் சட்டனூகாவில் இருக்கும் கோக்கர் போன்ற பழைய டயர்க்காரர்களின் வேலை இது. ஒல்லி ரிம்முக்குப் பொருந்தும், ஃபெண்டர் நிறையும், நேராக ஓடும். விலைதான் கடைச்சரக்கு ரேடியலைவிட மிக அதிகம். வாங்கும் முன் அதன் பாரத்திறன் பிக்கப்புக்குப் போதுமா என்றும், ரிம் நல்ல நிலையில் இருக்கிறதா என்றும் பார்ப்பவருக்கு மூன்றிலும் இதுவே மேலான தேர்வு என்று சொல்வேன்.

ஆக, ரிம் பழையது, விரிசலில்லை, வண்டி ஊரைச் சுற்றியும் மண்சாலையிலும் அணிவகுப்பிலும்தான் போகும் என்றால் ஆறடுக்குப் பயாஸ் போதும். அதைக் குறைபட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. வாரந்தோறும் நெடுஞ்சாலை ஏறுகிற வண்டியென்றால் வீலோடு சேர்த்து ரேடியல், இல்லையேல் மூன்றாவது வழி. பழைய ரிம், நெடுஞ்சாலை, கடைச்சரக்கு ரேடியல் என்ற மூன்றும் சேரக் கூடாது.

'100எஸ்'

100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். முன்சொன்ன தள்ளுபடி போக பிக்கப்பில் 727 கிலோ. 'எஸ்' என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர் வரை. 3100 அந்த வேகத்தைக் கனவிலும் தொடாது. எழுத்தைக் கடந்து போகலாம்.

'டியூப்லெஸ்'

புது வீலில் கேள்வியே இல்லை. பழைய ரிம்மில், மூன்றாவது வழியில் போகிறவர் மட்டும் டியூப் போட நேரும். அப்போது ரேடியலுக்கென்று செய்த டியூபைக் கேட்டு வாங்க வேண்டும். ரேடியலின் சுவர் அதிகம் வளைவதால் சாதா டியூப் மடிந்து தேயும். டயரின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் காகிதச் சீட்டையும் உரித்துவிட வேண்டும். சூட்டில் அதன் விளிம்பு அரம்போல டியூபை அரித்துவிடும்.

வாசகத்துக்கு வெளியே இரண்டு

ஒன்று, அலைன்மென்ட். கையேட்டில் உள்ள அளவுகள் பயாஸுக்கானவை. ரேடியலுக்கு டோ-இன், அதாவது முன்சக்கரங்கள் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு, அதைவிடக் குறைவாகப் போதும். காஸ்டர், அதாவது கிங் பின் பின்னோக்கிச் சாயும் அளவு, சற்றுக் கூடினால் வண்டி நேராக நிற்கும். பீம் ஆக்ஸிலில் காஸ்டரைத் திருத்த, ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் ஆப்பு வடிவத் தகடு வைப்பார்கள். பழைய அளவிலேயே விட்டால் புது டயரின் ஓரம் தேயும்.

இன்னொன்று, கலப்பு. ஒரே ஆக்ஸிலில் ஒருபுறம் பயாஸ், மறுபுறம் ரேடியல் கூடவே கூடாது. முன்னால் ரேடியல், பின்னால் பயாஸ் என்பது அதைவிடக் கொடியது: முன்பக்கம் பிடித்துத் திரும்பும், பின்பக்கம் பிடி விட்டு வெளியே வீசும், வண்டி தன்னைத்தானே சுற்றிவிடும். பிரிட்டனில் இந்த இரண்டையும் சட்டமே தடுக்கிறது. காசு இல்லாமல் இரண்டிரண்டாக மாற்றுகிறவர்கள் முன்னால் ஆரம்பிப்பதையே விரும்புவார்கள், ஸ்டியரிங் அங்கே இருப்பதால். காத்திருந்து நான்கையும் சேர்த்து வாங்குவதே சரி.

'டாட்' என்ற சொல்லுக்குப் பின்வரும் கடைசி நான்கு எண்கள்

மூலத்தில் இதை நான் எடுத்தெழுதவில்லை. ஒவ்வொரு டயருக்கும் மாறும். 2319 என்று இருந்தால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் பிறந்தது. 2000-க்கு முன் மூன்றே எண்கள் இருக்கும். அப்படி ஒன்றைக் கண்டால் பட்டன் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் கழற்றிவிட வேண்டும். பழைய வண்டிகள் குறைவாக ஓடுவதால் பட்டன் தேய்வதில்லை, ரப்பர்தான் முதிர்கிறது. ரேடியலில் முதிர்ச்சி எஃகுப் பட்டாவுக்கும் ரப்பருக்கும் உள்ள ஒட்டுதலைத் தளர்த்தும். ஓடும்போது பட்டன் முழுதாக உரிந்து வரும். 1978-ல் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் 500 என்ற ரேடியல் ஒரு கோடிக்கு மேல் திரும்பப் பெறப்பட்டதும் பட்டா பிரிந்ததால்தான். ஐந்தாண்டு ஆனதும் ஆண்டுக்கொருமுறை கழற்றிப் பார்ப்பது, பத்தாண்டைத் தாண்ட விடாமல் மாற்றுவது என்று வைத்துக்கொள்ளலாம்.

நான்கு டயரையும் இப்படிப் படித்து முடித்த பிறகு குனிந்து வண்டியின் அடியில் பார்க்க வேண்டும். தொட்டிக்குக் கீழே தொங்கும் ஸ்டெப்னியின் வாசகத்தைப் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. நான்கு சக்கரமும் ரேடியலாக மாறிய வண்டியில் அது மட்டும் பழைய 16 அங்குல ரிம்மில் பழைய பயாஸாகவே இருக்கும், உயரமும் வேறாக. வீல் வாங்கும்போது ஐந்தாக வாங்குங்கள். ஐந்தாவது அந்தத் தாங்கியில் பொருந்துகிறதா என்பதைக் கடையிலேயே மாட்டிப் பார்த்துவிடுங்கள்.